மண்சரிவும் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கமும்: ஓர் ஆசிரியையின் கடிதத்துக்குப் பதில்

அம்பாறை மாவட்டத்தின் கரையோரக் கிராமமொன்றிலிருந்து ஆசிரியை ஒருவர் எழுதிய கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"போதகர் ஐயா, டித்வா புயல் நாட்டைக் கடந்துபோன பின்வந்த ஞாயிற்றுக்கிழமை, 2025 நவம்பர் 30 அன்று, எங்கள் சபையின் போதகர் மலைநாட்டில் மண் சரிந்ததற்கு அங்குள்ள மக்களின் விக்கிரக வணக்கமே காரணம் என்றும், நாங்கள் உபவாசித்து ஜெபித்தபடியால்தான் புயல் எங்கள் கிராமத்தை விட்டு விலகியது என்றும் பிரசங்கித்தார். சபையார் அல்லேலூயா சொன்னார்கள். நானும் சொன்னேன். அந்த ஆராதனை பேஸ்புக்கில் நேரலையாகப் போனது. என்னோடு படிப்பிக்கும் பதுளை ஆசிரியை ஒருவரின் பெரியம்மா குடும்பம் தோட்டக் குடியிருப்பான லயத்தோடு மண்ணுக்குள் போய்விட்டது. அவர் சைவ சமயத்தவர். அந்தக் காணொளியை யாரோ அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள்; பாடசாலை மறுபடி திறந்த நாளிலிருந்து அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. எங்கள் சபையின் வட்ஸ்அப் குழுவிலோ காசாவில் குண்டு விழும்போதெல்லாம் கிறிஸ்துவின் 'வருகை சமீபம்' என்று மகிழ்ச்சிச் செய்திகள் வருகின்றன. என் பாடசாலையில் பாதிப்பேர் முஸ்லிம் ஆசிரியர்கள். அப்பாவிடம் கேட்டால், பிரசங்க பீடத்தில் உலகச் செய்தியே பேசக்கூடாது, ஆத்தும இரட்சிப்பை மட்டுமே பேசவேண்டும் என்கிறார். எது சரி? நான் சபையை விட்டு விலகவேண்டுமா? அந்த ஆசிரியையிடம் என்ன சொல்வது? சிறுபோக அறுவடையில் எடுத்து வைத்த ஸ்தோத்திரக் காணிக்கை எங்கள் வீட்டில் இருக்கிறது. அதை அவர் குடும்பத்துக்குக் கொடுத்தால் தேவனுக்குரியதை எடுத்த குற்றம் வருமா?"

அன்பின் சகோதரிக்கு,

'நானும் சொன்னேன்' என்பதை நீங்கள் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். ஆகையால் நானும் மறைக்காமல் ஒன்றை எழுதிவிட்டு உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. மட்டக்களப்பில் வாவிக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் நிலத்தில் இருந்த நாவலடி போன்ற கிராமங்கள் அன்று காலை இல்லாமற் போயின. நான் அப்போது கடலிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருந்த ஒரு சிறிய ஆலயத்தின் இளம் போதகன். அதற்கடுத்த ஞாயிறு 2005 ஜனவரி 2. வருடப் பிறப்போடு வரும் ஆராதனைகளில் ஸ்தோத்திரக் காணிக்கை உறைகள் எவ்வளவு சேரும் என்பது உங்களுக்குத் தெரியும். அச்சிட்ட அந்த உறையில் பெயருக்கு ஒரு கோடு, தொகைக்கு ஒரு கோடு, காரணத்துக்கு ஒரு கோடு இருக்கும். போதகர் ஒவ்வொன்றாக எடுத்துச் சத்தமாக வாசிப்பார். அன்று நான் வாசித்த உறைகளில் பெரும்பாலானவற்றில் காரணம் ஒன்றாகவே இருந்தது: கடல் வந்த வேளையில் ஆலயத்தில் இருந்தபடியால் தப்பினோம். ஒவ்வோர் உறைக்கும் சபை ஆமென் சொன்னது. வாசிக்க வாசிக்க என் குரலும் உயர்ந்தது. கடைசியாக எடுத்த உறையில் ஒரு மீனவரின் பெயரும் நூறு ரூபாய் என்ற தொகையும் இருந்தன. காரணத்துக்கான கோடு வெறுமையாக இருந்தது. எழுத மறந்துவிட்டார் என்று எண்ணிக்கொண்டு, பெயரை வாசித்து, 'காரணம் குறிப்பிடவில்லை' என்று ஒலிவாங்கியில் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தேன். அவரும் அன்று காலை ஆலயத்துக்கு வந்ததனால் தப்பியவர்தான். கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்று அவருடைய மனைவி வீட்டில் நின்றுவிட்டார். அந்த வீடு இருந்த இடத்தில் பிறகு கிணற்றுக்கட்டு மாத்திரம் நின்றது.

ஆராதனை முடிந்து வெளியே போகும்போது அவர் வழக்கம்போல என் கையைப் பற்றிவிட்டுப் போனார். ஏசியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

உங்கள் போதகரைப்போல நான் விக்கிரகம் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை என்பது உண்மை. ஆனாலும் நாங்கள் இருவரும் போட்ட கணக்கு ஒன்றுதான். தப்பியவன் தன்னிடம் இருந்த ஏதோ ஒன்றினால் தப்பினான் என்று ஒரு பக்கத்தில் எழுதினால், இறந்தவனிடம் அது இல்லாதிருந்தது என்பது மறுபக்கத்தில் தானாகவே எழுதப்பட்டுவிடும். நாம் அதை வாயால் சொல்லவேண்டியதே இல்லை.

இந்தக் கணக்கை இயேசுவிடம் நேரடியாகவே கொண்டுவந்தார்கள். லூக்கா சுவிசேஷத்தின் 13 ஆம் அதிகாரத்தை இன்றிரவு ஒரே இருப்பில் முழுமையாக வாசியுங்கள். உங்கள் கேள்விகளில் பெரும்பகுதிக்கு அந்த ஓர் அதிகாரம் போதும். சிலர் அவரிடம் ஒரு செய்தியோடு வருகிறார்கள். பலி செலுத்த வந்த கலிலேயர் சிலரை ரோமத் தேசாதிபதி பிலாத்து கொன்று, அவர்களுடைய இரத்தத்தை அவர்களுடைய பலிகளோடே கலந்தான் என்பது செய்தி. அந்தக் காலத்து வட்ஸ்அப் செய்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றக் கலிலேயரைவிட அவர்கள் பெரிய பாவிகள் என்றா எண்ணுகிறீர்கள் என்று இயேசு திருப்பிக் கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். அதோடு விடவில்லை. யாரும் கேளாத இன்னொரு செய்தியைத் தாமாகவே எடுக்கிறார்: சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த 18 பேர், எருசலேமில் இருந்த மற்றெல்லாரையும்விடக் குற்றவாளிகளா? அதற்கும் இல்லை என்கிறார். முதலாவது, அரசாங்கம் செய்த கொலை. இரண்டாவது, கட்டடம் சரிந்த விபத்து. நமக்கு நேர்ந்த அழிவுகளில் பெரும்பாலானவற்றை இந்த இரண்டில் ஒன்றுக்குள் அடக்கிவிடலாம். இரண்டிலும் இறந்தவர்களின் பாவத்தைத் தேடும் வழியை அவர் அடைத்துவிடுகிறார்.

உங்கள் போதகர் நல்ல வேதபாடம் உள்ளவராக இருந்தால், 'மனந்திரும்பாமற்போனால் நீங்களும் அப்படியே கெட்டுப்போவீர்கள் என்று அதே இடத்தில் எழுதியிருக்கிறதே' என்று கேட்பார். எழுதியிருக்கிறது, அதை நான் மழுப்ப மாட்டேன். ஆனால் அந்த வார்த்தை யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது என்று கவனியுங்கள். செத்தவர்களையோ, செத்தவர்களின் ஊராரையோ நோக்கி அல்ல. செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர்களை நோக்கி. மண்சரிவு நடந்த பின்வரும் ஞாயிறன்று மனந்திரும்புதலைப் பிரசங்கிக்கலாம், அதில் தவறே இல்லை; பதுளையை நோக்கிச் சொல்லாமல் நம் சொந்தச் சபையை நோக்கிச் சொன்னால் அது சுவிசேஷம். அடுத்த வசனங்களிலேயே கனி கொடாத அத்திமரத்தின் உவமை வருகிறது. வெட்டிவிடு என்கிறார் எசமான். இந்த வருடம் மட்டும் இருக்கட்டும், நான் சுற்றிலும் கொத்தி எருப்போடுகிறேன் என்கிறான் தோட்டக்காரன். அதையடுத்து, 18 வருடமாக நிமிரமுடியாமல் கூனியிருந்த ஒரு பெண்ணை ஓய்வுநாளில் அவர் நிமிர்த்துகிறார். கோபுரம் விழுந்து இறந்தவர்கள் 18 பேர், இவள் குனிந்திருந்தது 18 வருடம்; லூக்கா வேண்டுமென்றேதான் இப்படி அடுக்கினாரா என்று எனக்கு அடிக்கடி தோன்றுவதுண்டு. விழுந்ததற்கு விளக்கம் கேட்டவர்களுக்கு, குனிந்த ஒருத்தியை நிமிர்த்திக் காட்டுகிறார்.

தேவன் தம்முடையவர்களைக் கடலுக்கும் காற்றுக்கும் விலக்கிக் காப்பார் என்பது விதியானால், மட்டக்களப்பில் மெதடிஸ்த திருச்சபையின் கதையையே எழுத முடியாது. 1814 இல் இலங்கைக்கு வந்த முதலாவது மெதடிஸ்த மிஷனரிக் குழுவின் தலைவரான தோமஸ் கோக் கரையைக் காணவில்லை. அந்த வருடம் மே 3 அன்று கப்பலில் தமது அறையில் இறந்து கிடந்தார், இந்து சமுத்திரத்திலேயே அடக்கம் பண்ணப்பட்டார். அதே பயணத்தில் வில்லியம் ஓல்ட் தமது மனைவியைப் பறிகொடுத்தார். தனியாளாக மட்டக்களப்புக்கு வந்து, பள்ளிக்கூடம் தொடங்கி, ஒரு வருடம் நிறையுமுன் 1815 ஏப்ரலில் அவரும் இறந்துபோனார். உங்கள் போதகரின் கணக்கின்படி அந்தக் கப்பலில் வந்தவர்களே பெரிய பாவிகளாக இருந்திருக்கவேண்டும். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட முதியவர்கள் உங்கள் சபையில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். கோவில், பள்ளிவாசல், ஆலயம் என்று கூரை பார்த்துக் காற்று அடித்ததா என்று. கல்லடியில் திருச்செந்தூர் முருகன் கோவிலின் கோபுரத்தைச் சுனாமி சாய்த்தது. அதைக் காட்டி நம்மவர் சிலர் பேசிய பேச்சை நான் காதால் கேட்டிருக்கிறேன். அதே அலை ஆலயங்களுக்குள்ளும் வந்தது என்பதை அவர்கள் சொல்லவில்லை.

புயல் விலகிப்போனதா என்பதையும் சற்றுப் பார்ப்போம். டித்வா நம் கிழக்குக் கரையைத் தொட்டுத்தான் நாட்டைக் கடந்தது. (அந்தப் பெயரே ஏமன் நாட்டுச் சொகோத்ரா தீவிலுள்ள ஒரு வாவியின் பெயர். வாவிக்கரையில் வாழும் நமக்கு இது ஒரு விநோதமான செய்தி.) கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு நம் தலைக்கு மேலாகச் சென்ற முகில்கள் மலையில் மோதி மேலெழுந்து அங்கே கொட்டித் தீர்த்தன. நாட்டில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் மிகப் பலர் மலைநாட்டு மாவட்டங்களில் மண்ணோடும் வெள்ளத்தோடும் போனவர்கள். மலைக்கு மழை பெய்ததில் மர்மம் எதுவும் இல்லை. சரிவில் ஏன் வீடுகள் இருந்தன என்பதைத்தான் கேட்கவேண்டும். தேயிலைக்கென்று மலையை வெட்டியவர்கள் தொழிலாளருக்கென்று கட்டிய லயங்களில் பரம்பரை பரம்பரையாக, காணி உரிமை இல்லாமல், விரும்பினாலும் விலகிப்போக இடமில்லாமல் மக்கள் இருக்கிறார்கள். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயங்களை மண் மூடியபோதும் இதே கேள்வி கேட்கப்பட்டது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கத்தான் செய்கிறது. எச்சரிக்கை வந்தால் எங்கே போவது என்பதற்குத்தான் அந்த மக்களிடம் பதில் இல்லை. சீலோவாம் கோபுரத்தையும் யாரோ ஒரு கொத்தனார் கட்டியிருப்பார், யாரோ ஓர் அதிகாரி பார்த்துச் சரி என்றிருப்பார். அவர்களைப் பற்றிக் கேட்பதை வேதம் எங்கும் தடுக்கவில்லை. இறந்தவர்களின் பாவத்தைத் தேடுகிறவர்கள் அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்கொள்கிறார்கள் என்பதே எனக்குள்ள பெரிய ஆத்திரம்.

இனி, உங்கள் வட்ஸ்அப் குழு. யுத்தங்களையும் யுத்தங்களின் செய்திகளையும் கேள்விப்படும்போது கலங்காதிருங்கள், முடிவு உடனே வராது, இவை வேதனைகளுக்கு ஆரம்பம் என்று மாற்கு 13 இல் இயேசு சொல்கிறார். கலங்காதிருங்கள் என்றார், களிகூருங்கள் என்று சொல்லவில்லை. நாளையும் வேளையையும் பிதா தம்முடைய அதிகாரத்தில் வைத்திருக்கிறார், அது உங்களுக்குரியதல்ல என்று அப்போஸ்தலர் நடபடிகள் முதலாம் அதிகாரத்திலும் சொல்கிறார். இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் கணக்குப் பார்த்தவர்கள் குறையவில்லை. அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் கிறிஸ்து வருவார் என்று 1844 அக்டோபர் 22 இரவு முழுவதும் விழித்திருந்தார்கள். அதே நாட்டில் ஹரோல்ட் கேம்பிங் 2011 மே 21 என்று நாள் குறித்தார்; உலகெங்கும் விளம்பரப் பலகைகள் எழுந்தன; அது பொய்த்த மறு வருடம் தாம் தவறியதாக அவரே ஒப்புக்கொண்டார். உங்கள் குழுவுக்குச் செய்தி தயாரித்து அனுப்புகிறவர்களிடம் அந்த அளவு நேர்மையைக்கூட நான் காணவில்லை. போன வருடத்துத் தீர்க்கதரிசனம் என்னவாயிற்று என்று யாரும் கேட்பதில்லை, அடுத்தது வந்துவிடுகிறது.

2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேலில் ஏறக்குறைய 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பிழைப்புக்காக அங்கே போயிருந்த இலங்கையரும் இருந்தார்கள். அதன்பின் காசாவில் பல்லாயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். அந்த மாதம் 19 ஆம் திகதி, கிரேக்க மரபுவழித் திருச்சபையின் புனித போர்பீரியஸ் ஆலய வளாகத்தில் தஞ்சமடைந்திருந்த கிறிஸ்தவர்கள் மேல் கட்டடம் இடிந்து விழுந்தது. வான்தாக்குதலில் விழுந்த கட்டடம் அது. பிலாத்தும் சீலோவாமும் ஒன்றாக வந்தாற்போல. காசா என்பது உங்கள் குழுவுக்குத் தீர்க்கதரிசன வரைபடத்தில் ஒரு புள்ளி. அப்போஸ்தலர் 8 இல் பிலிப்பு எத்தியோப்பிய மந்திரிக்கு ஞானஸ்நானம் கொடுத்தது காசாவுக்குப் போகும் வழியில். அங்கே நம்முடைய சகோதரர் இருக்கிறார்கள் என்பது தெரியாமலே அவர்கள் அல்லேலூயா எழுதுகிறார்கள். சகோதரர் எவருமே அங்கு இல்லாதிருந்தாலும் பிள்ளைகளின் பிணத்தின்மேல் மகிழ்ச்சி கொண்டாட நமக்கு அனுமதி இல்லை என்பது வேறு.

எதிர்காலத்தை முன்னறிந்து சொல்லும் தீர்க்கதரிசனமே கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு, அப்போஸ்தலர் 11 இல் அகபு என்ற தீர்க்கதரிசி அந்தியோகியாவுக்கு வந்து, உலகமெங்கும் கொடிய பஞ்சம் வரும் என்று அறிவித்தான், கிலவுதியு ராயனின் நாட்களில் அப்படியே வந்தது. அதைக் கேட்ட சீஷர்கள் என்ன செய்தார்கள் என்பதை உங்கள் குழுவில் யாரும் எடுத்து எழுதியிருக்க மாட்டார்கள். பஞ்சம் யாருடைய பாவத்தால் என்று அவர்கள் கேட்கவில்லை, அது வெளிப்படுத்தின விசேஷத்தில் சொல்லும் எத்தனையாவது முத்திரை என்று ஆராயவில்லை; அவரவர் தம்மால் இயன்றதைச் சேர்த்து, பர்னபா, சவுல் இருவர் கையிலும் யூதேயாவுக்கு அனுப்பினார்கள். அகபு வந்ததைச் சொல்வதற்கு முந்திய வசனத்தில்தான், சீஷர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதன்முதலில் அந்தியோகியாவில் வழங்கிற்று என்று எழுதியிருக்கிறது. அந்தப் பெயர் கிடைத்த பின் அவர்கள் செய்ததாகப் பதிவாகியிருக்கும் முதல் வேலை நிவாரணம் திரட்டியது.

உங்கள் தந்தையார் சொல்வதை நான் இலேசாகத் தள்ளமாட்டேன். யுத்த காலத்தில் பீடத்தில் சொன்ன ஒரு வார்த்தைக்காக ஒரு குடும்பமே ஊரை விட்டுப் போகவேண்டியிருந்ததைக் கண்ட தலைமுறை அவருடையது. அவருடைய எச்சரிக்கையில் பயம் மட்டுமல்ல, அனுபவமும் இருக்கிறது. ஆனால் செய்தி ஆலயத்துக்குள் வரக்கூடாது என்று நாம் சொன்னாலும், நம் ஊரில் அது அனுமதி கேட்டு வரவில்லை. 2005 இல் நத்தார் நள்ளிரவுத் திருப்பலியின்போது மட்டக்களப்பு புனித மரியாள் பேராலயத்துக்குள்ளேயே பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் 31 பேர் இறந்தார்கள், அவர்களில் 14 பேர் பிள்ளைகள். இதற்குப் பின்பும் ஆத்துமாவை மட்டும் பேசு என்றால், அந்தப் பிள்ளைகளின் தாய்மார் எந்தக் காதோடு ஆலயத்தில் உட்கார்ந்திருப்பது? தாக்குதல் பற்றி முன்கூட்டியே தகவல் கிடைத்தும் தடுக்கத் தவறியதற்காக, அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்கவேண்டும் என்று 2023 ஜனவரி 12 அன்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைப் பீடத்தில் சொல்வது கட்சி அரசியல் அல்ல. பிலாத்து என்ற பெயரைச் சொல்லாமல் நாம் விசுவாசப் பிரமாணத்தையே அறிக்கையிட முடியாதே. அதே லூக்கா 13 இன் முடிவில், ஏரோது உம்மைக் கொல்லத் தேடுகிறான் என்று சிலர் வந்து சொன்னபோது, அந்த நரியிடம் போய்ச் சொல்லுங்கள் என்கிறார் இயேசு. இரண்டு வசனங்கள் தள்ளி, கோழி தன் குஞ்சுகளைச் சிறகின்கீழ் சேர்ப்பதுபோல உன்னைச் சேர்க்க மனதாயிருந்தேனே என்று எருசலேமுக்காகப் புலம்புகிறார். நரியை நரி என்றவர் கோழியாகவும் நின்றார். பீடத்தில் ஆளுவோரைப் பற்றிப் பேசுகிற எவரும் இந்த இரண்டையும் பிரிக்கக்கூடாது என்பது என் கருத்து. யாருக்கு வாக்களிப்பது என்று சொல்வதோ அவர் வேலை அல்ல.

நம்முடைய செய்தி வாசிப்பில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. 1990 ஆகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். செப்டம்பர் 9 இல் சத்துருக்கொண்டானில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். இரண்டாவதை நாம் வருடந்தோறும் நினைவுகூருகிறோம், செய்யத்தான் வேண்டும். முதலாவதை எத்தனை ஆலயங்களில் ஜெபத்தில் சொன்னார்கள் என்று மூத்தவர்கள் சிலரிடம் கேட்டிருக்கிறேன். பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுகிறார்கள். உங்கள் முஸ்லிம் சக ஆசிரியர்களுக்கு நீங்கள் காசாவைப் பற்றி விளக்கம் எதுவும் சொல்லவேண்டியதில்லை. அந்தக் குழுவில் வரும் செய்திகளை மேலும் ஒருவருக்கு அனுப்பாமல் உங்கள் கைபேசியோடு நிறுத்திவிடுங்கள். இயலுமானால் ஒருமுறை, ஒரே ஒருமுறை, 'இதில் மகிழ எனக்கு மனமில்லை' என்று எழுதுங்கள். விவாதத்தில் இறங்காதீர்கள்.

சபையை விட்டு விலகவேண்டுமா என்று கேட்டீர்கள். இப்போதைக்கு வேண்டாம். முதலில் அந்தப் போதகரைத் தனியே சந்தியுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்று அவர் காது நிறைந்திருக்கும், கிழமை நாளில் ஒரு மாலை வேளையில், உங்கள் தந்தையாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பேஸ்புக்கில் பதில் எழுதுவதோ, மூப்பர்கள் மூலம் சொல்லி அனுப்புவதோ நல்லதல்ல. லூக்கா 13 ஐ அவரோடு வாசித்து, அந்தக் காணொளியைப் பார்த்த ஒரு பதுளைப் பெண் உங்களோடு வேலை செய்கிறார் என்பதை மட்டும் சொல்லுங்கள். என் பிழையை மூன்று மாதமாக யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஒரு வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்து தேநீர் தரும்போது ஒரு வயதான அம்மாதான், "ஐயா, அந்தக் கடைசி உறைய வாசிக்காம விட்டிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார், அதற்குப் பிறகு நான் உறைகளை வாசிப்பதை நிறுத்தினேன். அழிவு ஒன்று நடந்த பின்வரும் ஞாயிறன்று எங்கள் ஆராதனையில் முதலில் இறந்தவர்களுக்காகச் சற்று நேரம் மௌனமாக நிற்கிறோம், ஊர்களின் பெயர்களை வாசிக்கிறோம். ஸ்தோத்திரம் பிறகு வரும். உங்கள் போதகர் கேட்டுக்கொள்ளவும் கூடும். காணொளியை நீக்கச் சம்மதித்தால் அதுவே பெரிய காரியம். கேளாமல், மறுபடியும் மறுபடியும் அதையே பிரசங்கித்தால், அப்போது எழுதுங்கள். விலகுவதைப் பற்றி அன்று பேசலாம்.

பதுளை ஆசிரியையைப் பற்றி. யோபுவின் சிநேகிதர் மூவரையும் எல்லாரும் குறை சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் வந்து ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாய் திறந்த பிறகுதான் கெட்டது. நீங்கள் அந்த ஏழு நாளைச் செய்யுங்கள். இடைவேளையில் அவர் பக்கத்துக் கதிரையில் போய் இருங்கள். அவருடைய பாடவேளையைப் பொறுப்பெடுத்து, ஊருக்குப் போய்வர அவருக்கு லீவு கிடைக்க வழிசெய்யுங்கள். பெரியம்மாவின் பெயரைக் கேளுங்கள். கிரியைகள் ஏதும் இன்னும் நடக்கவிருந்தால், அவர் விரும்பினால் கூடப் போங்கள். சைவக் கிரியைக்குப் போய் நிற்பதால் உங்கள் விசுவாசம் குறைந்துபோகாது. நானும் அல்லேலூயா சொன்னேன் என்று அவரிடம் அறிக்கையிடவேண்டுமா என்று நீங்கள் உள்ளுக்குள் தவிப்பது கடிதத்தில் தெரிகிறது. இப்போது வேண்டாம். துக்கத்தில் இருப்பவரிடம் போய் மன்னிப்புக் கேட்டால், உங்களைத் தேற்றும் வேலையும் அவர் தலையில் விழும். அவராகக் கேட்டால் மாத்திரம் பொய் சொல்லாதீர்கள்.

கடைசியாக அந்தக் காணிக்கை. அந்தியோகியா சபையார் அனுப்பியது விசுவாசிகளுக்குத்தானே என்று யாரேனும் உங்களைத் தடுக்கக்கூடும். அந்தச் செய்தியை எழுதிய அதே லூக்காதான் சமாரியன் ஒருவன் முன்பின் தெரியாதவனின் காயத்தில் எண்ணெய் வார்த்ததையும் எழுதியவர் என்று சொல்லுங்கள். உங்களுடையது சிறுபோக நெல் என்கிறீர்கள். கல்லோயா ஆற்றுத் தண்ணீர் பாயும் வயல் வட்டையானால், அந்த ஆறு பதுளைப் பக்க மலைகளில் ஊற்றெடுத்து, இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரமாகத் தேங்கி, வாய்க்கால் வழியே உங்கள் வயலுக்கு வருகிறது. சிறுபோகத்தில் நீங்கள் அறுத்தது அந்த மலையில் பெய்த மழையை. ஆகையால் தயங்காமல் கொடுங்கள். தொகையைக் குறைக்கவும் வேண்டாம். ஆலயத்தில் தரும் அச்சிட்ட உறையில் மட்டும் போட்டுக் கொடுக்காதீர்கள். கடையில் விற்கும் வெறும் வெள்ளை உறை போதும்.